தடுத்த வாசலும் தடுக்காத வீடும்



மண்டைக்காட்டில் அலையோசை கேட்கும் தொலைவில் சிறு ஃபேன்ஸி கடை வைத்துப் பிழைக்கும் கணவன் மனைவி நாங்கள். மாசிக் கொடையின் பத்து நாள் வியாபாரமே எங்களுக்கு ஆண்டின் பெரும் வருவாய். எங்கள் மகன் கோலாலம்பூரில் பணியாற்றுகிறான். சென்ற ஆண்டு எங்களை அங்கு அழைத்திருந்த அவன், கெந்திங் மலையின் உயர்தர விடுதி ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு அறை பதிவுசெய்த பின்னரே செய்தியைச் சொன்னான்.

"அங்க சூதாட்டக் கூடம் உண்டாமே, மோனே?" என்று தயங்கினோம்.

"நமக்கு அறையும் குளிரும் போதும் வாப்பா. அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றான். ஆசையாய்ச் செய்ததை மறுக்க மனம் வரவில்லை.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது அம்மலை. சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த லிம் கோ தோங் என்பவர் 1965-இல் நிறுவனம் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை அமைத்து, 1971-இல் முதல் விடுதியைத் திறந்தார். மலேசியாவில் சட்டப்படி இயங்கும் சூதாட்டக் கூடம் அங்குதான் இருக்கிறது. இன்று அது விடுதிகளும் அங்காடிகளும் விளையாட்டுப் பூங்காவும் நிறைந்த ஒரு நகரம். கம்பிவட ஊர்தியில் மேகத்தினூடே ஏறிச் சென்றபோது, நாஞ்சில் நாட்டு வெயிலில் வளர்ந்த எங்களுக்குப் பற்கள் கிட்டின. சுப்ஹானல்லாஹ் என்றோம்.

அறைக்குள் நுழைந்ததும் கூரையை நோக்கினோம். அங்கே கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி ஒட்டப்பட்டிருந்தது. மெத்தையின் மென்மையும் கண்ணாடிச் சாளரமும் எங்களுக்கு வியப்பளித்தன. ஆனால் மனத்தைத் தொட்டது அந்தச் சிறு அம்புக்குறிதான். எத்தகைய கட்டடத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டிய திசை ஒன்றுதான் அல்லவா?

மாலையில் உணவகம் தேடிச் சென்ற வழியில் அந்தக் கூடத்தின் வாசலைக் கடக்க நேர்ந்தது. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குட்பட்டோருக்கும் அனுமதியில்லை என்ற அறிவிப்பு அங்கிருந்தது. அருகில் காவலர் நின்றார். எங்களில் ஒருவருடைய தொப்பியையும் மற்றவருடைய முக்காட்டையும் கண்டு, பணிவாகக் கையசைத்து வேறு வழியைக் காட்டினார்.

மகன் சிரித்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு இஷா தொழுத பின்னும் நாங்கள் பேசாதிருப்பதைக் கண்டு காரணம் கேட்டான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்ததை அப்போதுதான் திறந்தோம்.

எங்களில் ஒருவர் ஒரு காலத்தில் நாள்தோறும் லாட்டரிச் சீட்டு வாங்கியவர். தமிழ்நாட்டில் 1968-இல் அரசே தொடங்கிய லாட்டரி அப்போது தெருமுனைதோறும் தொங்கிற்று. 2003-இல் தடை வந்தபோதாவது நின்றிருக்க வேண்டும்; நிற்கவில்லை. களியக்காவிளைக்குப் பேருந்தேறி, எல்லை கடந்து, கேரள அரசின் சீட்டை வாங்கி வந்த நாட்கள் உண்டு. கொடைக்குச் சரக்கெடுக்க என்று சொல்லி அடகு வைத்த சங்கிலி மீளவேயில்லை.

"எவ்வளவு போச்சு வாப்பா?" என்று மகன் கேட்டான்.

"கணக்கு வச்சதில்ல, மோனே."

"ஒண்ணரைப் பவுன்" என்றது மறுபக்கத்துக் குரல். "சட்டைய அலக்கும்போது பையில சீட்டு இருக்கும். நானும் பாத்துட்டுதான் இருந்தேன்."

ஆம். எங்களில் ஒருவர் வாங்கியவர். மற்றவர் அறிந்தும் வாய் திறவாதவர். சண்டை வேண்டாம், பிள்ளையின் காதில் விழ வேண்டாம் என்ற எண்ணத்தில் விளைந்த மௌனம் அது. ஷைத்தான் மதுவையும் சூதையும் கொண்டு உங்களிடையே பகையை மூட்டவும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவும் விரும்புகிறான் என்னும் கருத்து அல்குர்ஆனின் 5:91 வசனத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் பகை கூச்சலாக வரவில்லை, பேசாமையாக வந்தது.

மகன் நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு தன் கைப்பேசியை எடுத்து எங்கள் முன் வைத்தான். பணம் கட்டிச் சீட்டாடும் செயலி ஒன்று அதில் இருந்தது. "சின்னத் தொகைதான் உம்மா" என்றான். அந்தச் சொல் எங்களுக்குப் புதிதன்று. எங்கள் கண்முன்னே அதை நீக்கினான்.

ஃபஜ்ருக்குப் பின் வெந்நீர் வாங்கக் கீழே இறங்கினோம். இரவெல்லாம் உள்ளே இருந்த சிலர் சிவந்த கண்களுடன் வெளியே வந்துகொண்டிருந்தனர். அவர்களை இழிவாக எண்ண எங்களுக்குத் தகுதியில்லை. களியக்காவிளையிலிருந்து திரும்பிய பேருந்தில் எங்களில் ஒருவருடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் இரவு தங்கவில்லை. மலைச்சரிவில் கோத்தோங் ஜெயாவிலுள்ள பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு இறங்கினோம்.

சகோதரர்களே, அந்த மலையில் எங்களைத் தடுக்க ஓர் அறிவிப்பும் ஒரு காவலரும் இருந்தனர். எங்கள் வீட்டு வாசலில் எவருமில்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நடுவண் அரசு சட்டம் இயற்றியிருக்கிறது, நல்லதே. ஆயினும் 2003-இன் தடையை மீறிப் பேருந்தேறிய கால்கள் எங்கள் வீட்டைச் சேர்ந்தவை. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பால் ஒருவரையொருவர் கேட்கும் துணிவுதான் காவல். சட்டைப் பையில் சீட்டைக் கண்ட அன்றே, "இது என்ன?" என்று அன்போடு கேட்டிருக்கலாம்.

சூதாட வா என்று தோழனை அழைத்தவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். வெறும் அழைப்புக்கே அப்படியெனில், எங்கள் நிலை என்ன? ஊர் திரும்பியதும் ஒன்றரைப் பவுனின் இன்றைய விலையைக் கணக்கிட்டோம். அதைச் சிறிது சிறிதாக ஏழைகளுக்குக் கொடுத்து வருகிறோம். கணக்கு நோட்டு இப்போது இருவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

அல்லாஹ் எங்கள் பிழைகளைப் பொறுத்து, நம் அனைவரின் இல்லங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.