தாராவியில் ஒரு திருவருகை ஞாயிறு

மும்பை மாநகரில் வாழும் நம்மவர்க்குத் தாராவி என்னும் பெயர் புதியதன்று. ஆயினும் அங்கு நிகழும் வாழ்வை நின்று நோக்கியவர் நம்முள் சிலரே. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் அன்பர் பலர், மின்சார இரயிலில் செல்லுங்கால் சன்னல் வழியே தகரக் கூரைகளைக் காண்பதோடு அமைந்துவிடுகின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே இருந்தோம். சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரு ஞாயிறன்று, சயான் நிலையத்தில் இறங்கி, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபை ஒன்றின் காலை வழிபாட்டுக்குச் சென்று வந்தோம். அழைத்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நண்பர். "பண்டிகை நாளில் எல்லாரும் வருவார்கள் ஐயா. நீங்கள் அதற்கு முன்னே, நாங்கள் ஆயத்தத்தில் இருக்கும்போது வாருங்கள்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆயத்தம் என்று அவர் குறித்தது திருவருகைக் காலத்தை. அட்வெந்து என்றும் அதனைச் சபையார் வழங்குவர். நவம்பர் 30ஆம் நாளுக்கு அண்மையில் வரும் ஞாயிற்றில் அது தொடங்கும்; கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன் நான்கு ஞாயிறுகள் அதனுள் அடங்கும். திருச்சபையின் ஆண்டும் அந்த முதல் ஞாயிற்றிலேயே பிறக்கின்றது. ஆகவே இது ஆரவாரத்திற்கு உரிய காலம் அன்று. காத்திருத்தலுக்கும் தன்னைத் தான் சோதித்துக்கொள்வதற்கும் உரிய காலம்.

நிலையத்திலிருந்து தொண்ணூறடிச் சாலைப் பக்கம் நடந்தோம். சௌராட்டிர நாட்டிலிருந்து வந்த குயவர்கள் குடியிருக்கும் கும்பார்வாடாவில் சூளைப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதனைக் கடந்து சந்துகளுள் நுழைந்தால் நெல்லைத் தமிழ் காதில் விழுகின்றது. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலியிலிருந்து மக்கள் இங்கு வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அத்தொழில் பெரும்பாலும் இவ்விடம் விட்டு அகன்றுவிட்டது, மக்கள் அகலவில்லை. சில வாயில்களில் மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு செய்த நட்சத்திர விளக்குகள் தொங்கின. ஒரு வீட்டினின்று முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கும் மணம் வந்தது.

நாம் சென்ற சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்து முதலிய பல பிரிவுகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் அமைந்த திருச்சபை அது. வடபுலத்துச் சபைகள் அவ்வாறே 1970 நவம்பர் 29இல் நாகபுரியில் ஒன்றுபட்டன. இரண்டும் பேராயரைத் தலைவராகக் கொண்டவை. பேராயரை நெல்லைச் சீமையின் முதியோர் அத்தியட்சர் என்பர். மேலிருந்து கண்காணிப்பவர் என்பது அதன் பொருள். பல சபைகள் சேர்ந்தது சேகரம். அதனை நடத்துபவர் சேகரகுரு. சிறுவர்க்கு வேதபாடம் கற்பித்து, விசுவாசப் பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் பயிற்றுவிப்பர். பின்னர் பேராயர் வந்து தலைமேல் கைவைத்துத் திடப்படுத்துவார். கல்வி முன்னதாகவும் சடங்கு பின்னதாகவும் அமைந்த இம்முறை நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாடியில் அமைந்த சிறு கூடத்தில் வழிபாடு நடைபெற்றது. பீடத்தின் அருகே பசுந்தழை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவர்த்திகள் நின்றன. ஒரு சிறுமி இரண்டினை ஏற்றினாள். அன்று இரண்டாம் ஞாயிறு. இவ்வழக்கத்தின் தொடக்கம் செருமனியில் ஆம்பர்க்கு நகரில் உள்ளது. வீகெர்ன் என்னும் போதகர், தாம் வளர்த்த ஏழைப் பிள்ளைகள் பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாது வினவியமையால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் நாளுக்கு ஒன்றாக மெழுகுவர்த்திகள் ஏற்றிக் காட்டினாராம். பிள்ளைகளின் பொறுமையின்மைக்கு விடையாகப் பிறந்த வழக்கம் இன்று தாராவி வரை வந்துள்ளது.

இரண்டாம் ஞாயிற்றுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1549இல் வெளியான ஆங்கிலத் திருச்சபையின் செபநூல், வேதம் மனிதருடைய கல்விக்கென எழுதப்பட்டது என்றும், அதனைக் கேட்டும் வாசித்தும் கற்றும் உட்கொள்ள வேண்டும் என்றும் வேண்டும் மன்றாட்டை இந்நாளுக்கு வகுத்தது. ஆகவே வேதம் வாசித்தலைப் போற்றும் ஞாயிறாக இதனைக் கொள்வர்.

அன்று முதற்பாடம் வாசிக்கப் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் எழுந்தான். ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தை ஒரு பிழையும் இன்றி, கணீரென்று வாசித்தான். ழகரமும் றகரமும் தவறவில்லை. நாம் பெரிதும் மகிழ்ந்தோம். வழிபாடு முடிந்தபின் அவனைப் பாராட்டச் சென்றபோது, அவன் கையிலிருந்த தாள் நம் கண்ணில் பட்டது. அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தமிழ்ச் சொற்கள் அனைத்தும் தேவநாகரியில் எழுதப்பட்டிருந்தன!

அவன் பாட்டியார் அருகே நின்றார். "நல்லாத்தான் வாசிச்சான் ஐயா. ஆனா இவன் தாத்தா இங்கேயிருந்து ஊருக்கு எனக்கு எழுதுன கடுதாசி எல்லாம் பெட்டியில கெடக்கு. எனக்குக் கண்ணு தெரியல. இவனுக்கு எழுத்து தெரியல. யாரு வாசிக்க?" என்றார். நமக்கு மறுமொழி ஒன்றும் தோன்றவில்லை.

ஓய்வுநாள் பள்ளி நடத்தும் ஆசிரியர்களோடு தேநீர் வேளையில் இதுபற்றிப் பேசினோம். இளைஞர் ஒருவர் தம் கருத்தை மறையாது உரைத்தார்: "எழுத்தைக் கட்டாயப்படுத்தினால் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்கள் ஐயா. வசனம் மனத்தில் பதிந்தால் போதாதா?" மூத்த ஆசிரியை ஒருவர், "பதியட்டும். ஆனால் மற்றவர் எழுதிக் கொடுத்தால்தானே இவன் வாசிக்கிறான்? தானாகப் புத்தகத்தைத் திறக்கும் நாள் எப்போது?" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. பள்ளிப் பாடமும் தனிவகுப்பும் போக எஞ்சியிருக்கும் ஞாயிற்றுப் பொழுது பிள்ளைக்கு மிகச் சிறிது. பெற்றோரோ வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகின்றனர்.

ஆயினும் வரலாறு ஆசிரியையின் பக்கம் நிற்பதாகவே நமக்குத் தோன்றியது. 1706 சூலையில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசும், பின்னர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் கோயிலோடு பள்ளியும் எழுப்பினர். ஏடு தொட உரிமை மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் அப்பள்ளிகளில் எழுத்தறிந்தனர். எனவே இம்மக்களுக்குத் தமிழெழுத்து வெறும் கருவியன்று. முன்னோர் அரிதின் ஈட்டிய உரிமை.

அன்று மாலை நண்பரோடு கோட்டைப் பகுதிக்குச் சென்று தூய தோமா பேராலயத்தையும் கண்டோம். பழைய கோட்டை மதிலில் அதன்பக்கம் இருந்த வாயிலே சர்ச்கேட்டுக்குப் பெயர் தந்தது. அக்கோயில் திறக்கப்பட்டது 1718ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில். அதே ஆண்டு அக்டோபரில், தரங்கம்பாடியில் தமிழ் மக்களுக்கெனச் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஒன்று கும்பினியாரின் ஆங்கிலச் சபைக்கு; மற்றது லூத்தரன் மரபில் தமிழருக்கு. இரண்டும் இன்றும் நிற்கின்றன. கல்லாலான கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு உண்டு. தாராவியின் மாடிக் கூடத்துக்கு உண்டா என்று நண்பர் கேட்டார். மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவாயிற்று. 2024இல் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. யார் இங்கேயே இருப்பார், யார் வேறிடம் செல்வார் என்ற கவலை ஒவ்வொரு சந்திலும் உள்ளது. சபை சிதறினால் பிள்ளை தன்னோடு எடுத்துச் செல்லக்கூடியது எது?

இதனைக் கிறிஸ்தவ அன்பர்க்கு மட்டும் உரிய வினாவாக நாம் கருதவில்லை. மாட்டுங்காவில் திருப்பாவை ஓதும் சிறுமியும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தே ஓதுகின்றாள். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. எனினும் வீட்டில் எழுத்து ஒலிக்கவில்லையெனில் பள்ளி என்ன செய்யும்? பாட்டி வழிபட்ட மொழியைப் பேரன் கேட்டு மட்டும் அறிந்தால், அடுத்த தலைமுறைக்கு அதுவும் எஞ்சாது. ஞாயிறுதோறும் கால்மணி நேரம் எழுத்துப் பயிற்றுவிக்கக்கூடிய அன்பர்கள், எச்சமயத்தவராயினும், தம் அண்டையிலுள்ள பிள்ளைகளைத் தேடிச் செல்வாராக.

சனவரியில் நண்பர் நம்மைச் சந்தித்தார். அன்றைய பேச்சுக்குப்பின் வேதபாட வகுப்பில் கால்மணி நேரம் எழுத்துக்கென ஒதுக்கினராம். கிறிஸ்து பிறப்பு முந்தின இரவு அச்சிறுவன் ஒரே ஒரு வசனத்தை, தாளைக் கையில் கொள்ளாமல், தமிழ் வேதாகமத்தைத் திறந்து வாசித்தானாம். முன்போல் கணீரென்று அன்று. தட்டித் தடுமாறி, இரண்டு இடங்களில் பிழையோடு. கடிதங்கள் இன்னும் பெட்டியில்தான் உள்ளன. உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் ஒன்றையாவது வாசித்துவிடுவான் என்று பாட்டியார் காத்திருக்கின்றார்.