மருந்து என்றொரு பெயர்

போபாலில் யூனியன் கார்பைடு ஆலை இயங்கிவந்த ஆண்டுகளில், அதன் மதிலுக்கு எதிரே குடிசையிட்டு வாழ்ந்தவர்களுள் பலர் உள்ளே பயிருக்கான ‘தவாய்’ தயாராகிறது என்று மட்டுமே அறிந்திருந்தனர். இந்தியில் தவாய் என்றால் மருந்து. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. தமிழ் உழவரும் வயலுக்கு ‘மருந்தடிக்கிறார்’. கடையில் ‘பூச்சிமருந்து’ கேட்டு வாங்குகிறார். அஞ்சத்தக்க ஒன்றை நற்சொல்லால் வழங்குவதற்கு நம் இலக்கண நூலோர் மங்கலம் என்று பெயரிட்டனர். இடக்கரடக்கல், குழூஉக்குறி ஆகிய இரண்டையும் அதனோடு சேர்த்துத் தகுதி வழக்கு என்றனர். போபால் ஆலையின் மதிலுக்கு வெளியே மங்கலமும் உள்ளே குழூஉக்குறியும் வழங்கின. செவின் என்னும் பூச்சிக்கொல்லியின் இடைநிலைப் பொருளாகிய மெத்தில் ஐசோசயனேட், உள்ளே இருந்தோருக்கு வெறும் ‘மிக்’. வெளியே இருந்தோருக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது.

வேதிப்பொறியியல் வகுப்புகளில் போபால் பெரும்பாலும் வால்வுகளின் கதையாகவே சொல்லப்படுகிறது. அது பிழையன்று. ஆயினும் 1984 டிசம்பர் 2 இரவின் மணித்துளிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி அதைப் பெறவேண்டியவரிடம் பொருளின்றிப் போய்ச் சேர்ந்திருப்பது தெரிகிறது.

610 எண்ணிட்ட தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அதன் கொதிநிலை 39 பாகை செல்சியஸ். நீர் பட்டால் வினைபுரிந்து வெப்பத்தை உமிழும். அவ்வெப்பமே வினையை மேலும் விரைவுபடுத்தும். தொட்டிக்குள் நீர் புகுந்த வழி குறித்து இன்றும் வழக்கு உண்டு. யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது நிறுவனம். குழாய்களைக் கழுவியபோது செருகியிருக்க வேண்டிய தடுப்புத் தகடு செருகப்படவில்லை என்பது மற்றொரு தரப்பின் விளக்கம். எவ்வாறாயினும், நீர் புகுந்த பின் தொட்டி வாய்மூடி இருக்கவில்லை. இரவு 10.20 மணியளவில் சதுர அங்குலத்திற்கு 2 பவுண்டு அழுத்தம் காட்டிய மானி, 11 மணியளவில் 10 காட்டியது. இடையில், 10.45 மணிக்கு, பணிமுறை மாறிவிட்டது. புதிதாக வந்தவர் 10 என்ற எண்ணைக் கண்டார். 2 முதல் 25 வரை வழக்கமான வீச்சு என்பதே அவர் கற்றது. ஆகவே அவர் கண்ணுக்கு அந்த எண் இயல்பானதாகவே தோன்றியது.

மொழியியல் முதலாண்டு மாணவர் எவரும் சசூரிடம் கற்கும் பாடம், ஒரு குறியின் மதிப்பு பிற குறிகளிலிருந்து அது வேறுபடுவதால் அமைகிறது என்பது. தனித்து நின்ற 10 ஒன்றையும் சொல்லாது. நாற்பது நிமிடத்திற்கு முன் அது 2 ஆக இருந்தது என்று அறிந்தவருக்குத்தான் அது கூக்குரல். அந்த 2, வீட்டுக்குச் சென்றுவிட்ட பணிமுறையோடு போயிற்று. போதாக்குறைக்கு, அந்த ஆலையின் மானிகள் அடிக்கடி பொய் சொல்பவை என்று தொழிலாளர் பழகியிருந்தனர். நம்பிக்கையிழந்த கருவி எதைச் சொன்னாலும் அது சொன்னதாகாது.

11.30 மணியளவில் கண்கள் எரியத் தொடங்கின. கசிவு என்று மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கப்பட்டது. தேநீர் இடைவேளை முடிந்ததும் பார்ப்பது என்று முடிவாயிற்று. இன்று படிக்கும்போது இது மன்னிக்க முடியாத அலட்சியமாகத் தோன்றலாம். ஆனால் கண் எரிச்சலும் சிறு கசிவும் அங்கே அன்றாட நிகழ்வுகள். நாள்தோறும் புழங்கும் சொல் தேய்ந்து வலுவிழப்பதை மொழி வரலாற்றில் எங்கும் காணலாம். அப்படித்தான் ‘கசிவு’ என்ற சொல்லும் அந்த வளாகத்தில் தேய்ந்திருந்தது. தேநீர் முடிந்து சில நிமிடங்களில் மானியின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டியது.

சங்கின் கதையும் இதுவே. ஆலைச் சங்கு பல காரணங்களுக்காக ஒலிப்பது வழக்கம். எந்த ஒலி எதற்கென்று அக்கம்பக்கத்தாருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அன்றிரவு ஊருக்குக் கேட்கும் சங்கு சில நிமிடங்களே ஒலித்தது. மக்களைக் கலவரப்படுத்தலாகாது என்ற நடைமுறைப்படி அது நிறுத்தப்பட்டது. ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள் என்ற ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் மக்கள் ஓடினர். ஓடியவர்கள் மேலும் ஆழமாக மூச்சிழுத்தனர். ஹமீதியா மருத்துவமனையில் நோயாளிகள் வந்து குவிந்தபோது, ஆலைத் தரப்பிலிருந்து மருத்துவர்களுக்குக் கிடைத்த சொல், இது எரிச்சலூட்டும் வாயு, நஞ்சன்று என்பது. மருந்து என்று தொடங்கிய மங்கல வழக்கு மருத்துவமனை வரை தொடர்ந்தது. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த உயிரிழப்பு 3,787. உயிர்தப்பியோரின் அமைப்புகள் சொல்லும் எண் அதனினும் பன்மடங்கு.

ஆபத்தை முன்னறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1982இல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த குழு ஆலையைச் சோதித்து, நச்சுப் பொருள் வெளியேறக்கூடிய வழிகளைத் தன் அறிக்கையில் குறித்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அதே ஆண்டு, போபால் இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி, நகரைக் காப்பாற்றுங்கள் என்று இந்தி வார இதழில் எழுதினார். 1984 ஜூனில் ஜனசத்தாவில் மீண்டும் எழுதினார். அதிகாரத்தில் இருந்தோர் பொருட்படுத்தவில்லை. உள்ளே, இயக்கக் கையேடுகளும் எச்சரிக்கைப் பலகைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. இந்தி மட்டுமே சரளமாக அறிந்த தொழிலாளர் பலர் அவற்றின் கீழ் பணியாற்றினர். செலவைக் குறைக்க, பிரிவில் ஒரு பணிமுறைக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் நிறுத்தப்பட்டனர். கையேட்டைப் படித்துப் புரிந்து அருகிலிருப்பவருக்கு இந்தியில் விளக்கக்கூடிய மூத்தவர் ஒருவரும் அந்தக் குறைப்பில் போயிருக்கக்கூடும் என்பதை எந்தக் கணக்கேடும் காட்டாது.

இதைக் கேட்டவுடன் பலகைகளை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஒரே மொழி பேசியவர்களுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் அழுத்தத் தணிப்பு வால்வைப் பகல் பணிமுறையினர் கழற்றியிருந்தனர். பம்பின் பழுதுபார்ப்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு, வால்வுக்கு வேறொன்று. இரவில் மற்றொரு பம்பு நின்றுவிட, முதல் சீட்டை மட்டும் அறிந்திருந்தவர்கள், வால்வு இல்லாத பம்பை இயக்கினர். 167 பேர் மாண்டனர். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் வடிகோபுரம் நிரம்பி வழிந்து வெடித்து 15 பேர் இறந்தனர். அங்கே இரவுப் பணிமுறை, காலையில் வந்தவர்களுக்குக் குறிப்பேட்டில் விட்டுச்சென்றது ஒற்றை வரி. கோபுரத்தில் எவ்வளவு நிரப்பப்பட்டுள்ளது என்பதை அந்த வரி சொல்லவில்லை.

சொற்களால் மட்டும் போபாலைத் தடுத்திருக்கலாம் என்று வாதிடுவது நேர்மையாகாது. தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. நீர்த்தாரைகள் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. பிரிட்டானிய வேதிப்பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் பல்லாண்டுகள் வலியுறுத்தியபடி, இல்லாத பொருள் கசியாது. இடைநிலைப் பொருளை 40 டன் சேர்த்து வைக்க வேண்டிய கட்டாயம் வேதியியலில் இல்லை. விபத்துகளை மனிதத் தவறின்மேல் சுமத்துவது, கீழே விழுந்ததற்குப் புவியீர்ப்பைக் குற்றம் சொல்வது போன்றது என்பதும் அவர் கருத்தே. ஆயினும் குளிர்விப்பை நிறுத்தலாம் என்ற முடிவின் பொருள், தொட்டியருகே நின்றவருக்கும் மதிலுக்கு வெளியே உறங்கியவருக்கும் அவரவர் மொழியில் சொல்லப்பட்டிருந்தால், அந்த முடிவு அவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வி மிஞ்சுகிறது.

போபாலுக்குப் பின், 1987இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 41பி பிரிவு, ஆபத்தான தொழிற்சாலைகள் தம் அபாயங்களையும் அவற்றை எதிர்கொள்ளும் வழிகளையும் தொழிலாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. 1989ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கட்டாயமாக்கின. தெரிவித்தல் என்ற வினைக்கு நம் அலுவலகங்களில் கோப்பில் சேர்த்தல் என்ற பொருளே நிலைத்துவிட்டது.

2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தின் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில், எல்ஜி பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு ஆராய்ந்தபோது, ஆலையில் அபாயச் சங்கை இயக்கக்கூடிய இடங்கள் 36 இருந்தன. அவற்றுள் ஒன்று ஆலையின் வாயிலிலேயே இருந்தது. சங்கு ஒலிக்கவில்லை.