அலர்ட் வந்தால் யார் பார்ப்பது?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் போன மாதம் ஒரு செயலியை அறிமுகப்படுத்தினார்கள். கீமோ எடுப்பவர்கள் வாந்தி, வலி, காய்ச்சல் எல்லாவற்றையும் போனிலேயே குறித்துவிடலாமாம். "இனிமே நீங்க யாருக்கும் போன் போட்டு விசாரிக்க வேண்டியதில்லைங்க சிஸ்டர்" என்றார் பேசிய தம்பி. நான் ரிட்டயர் ஆனவள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

டே-கேரில் மருந்து ஏற்றி அனுப்பியவர்களை மறுநாளும், வெள்ளணு கவுண்ட் இறங்கும் வாரத்திலும் போனில் விசாரிப்பது என் வேலையாக இருந்தது. பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நம் பக்கத்து ஆட்களிடமிருந்து உடம்புக் கஷ்டத்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. "வலி இருக்குங்களா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க சாப்டாச்சுங்களா?" என்று நம்மைக் கேட்பார்கள். சொன்னால் அடுத்த சைக்கிள் தள்ளிப்போகும், மகன் லீவு போட வேண்டிவரும் என்ற கணக்கு உள்ளே ஓடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த சிஸ்டர் அந்தக் கேள்வியையே கேட்க விடமாட்டார். விரல்களை மரத்துப்போக வைக்கும் பக்லிடாக்சல் போகிற அம்மாவிடம், "ஜாக்கெட் கொக்கி நீங்களே மாட்டறீங்களா, மருமக மாட்டி விடறாங்களா?" என்று கேட்கச் சொல்வார். குளிர்ச்சி பட்டாலே கை கூச வைக்கும் ஆக்சாலிபிளாட்டின் என்றால், "ஃபிரிட்ஜிலிருந்து பால் பாத்திரத்தை எடுத்தீங்களா?" மார்ஃபின் மாத்திரைக்காரரிடம் வெளிக்குப் போனதா என்பதுதான் முதல் கேள்வி, வலி அப்புறம். ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தீங்க? பக்கத்தில் யார் இருக்காங்க என்றும் கேட்பார். மாமியார் நின்றால் சில பதில்கள் வராது. 'யோசித்துவிட்டுச் சொன்னார்' என்றுகூட சார்ட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

செயலியில் இருப்பது பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், மேலே மஞ்சள் முகங்கள். அம்மா காங்கயத்தில், போனோ திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருக்கும் மகன் கையில். அவன் 'இரண்டு' என்று தட்டுவான். திரை பச்சை காட்டும். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பச்சை போதும்.

செயலியே கூடாதென்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் ஆதாரமாகப் போட்டுக் காட்டியது நல்ல ஆய்வுதான். நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரிடம் ஈதன் பாஷ் குழுவினர் நடத்தியது. 2017-ல் ஆயுள் கணக்கு வெளிவந்தது. தொந்தரவுகளைக் கம்ப்யூட்டரில் தாங்களே பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. தம்பி அத்தோடு நிறுத்திக்கொண்டார். தொந்தரவு கூடியதும் நர்ஸுக்கு மின்னஞ்சல் போனதும், முக்கால்வாசி தடவை அந்த நர்ஸ் போன் போட்டோ மருந்துக்கு ஏற்பாடு செய்தோ ஏதாவது செய்ததும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்த நர்ஸை எடுத்துவிட்டு ஐந்து மாதத்தை மட்டும் விற்கிறார்கள்.

அந்த நர்ஸ் இல்லாமல் ஆகாது. கவுண்ட் இறங்கிய வாரத்தில் 100.4 காய்ச்சல் என்றால் திங்கட்கிழமை ஓ.பி. வரை தாங்காது. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு 'சரியாயிருச்சு' என்று தட்டுபவர்களும் உண்டு.

செயலி வாங்குகிற ஆஸ்பத்திரிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை ராத்திரி வரும் அலர்ட்டுக்கு எந்த நர்ஸ் பொறுப்பு என்று டூட்டி லிஸ்டில் பெயர் எழுதுங்கள். அதற்கப்புறம் பணம் கட்டுங்கள்.