ஆமை புகுந்த வீடு

எங்கள் பேஸ்மென்றுக்குள் ஆமை வந்தது ஒரு சூப் டப்பாவில். பார்சல் சாப்பாட்டோடு சூப் ஊற்றிக் கொடுக்கிற அதே பிளாஸ்ரிக் டப்பா. மூடியில் நாலைந்து துளை. எங்களில் இளையவன் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவுகிற பிலிப்பைன்ஸ்காரர் தன் மகளுக்கென்று வாங்கிய குஞ்சு அது. மகளுக்கு மூன்று வயது. ஆமைகளின் உடம்பில் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லைத்தானே என்று கேட்டிருக்கிறார். இல்லை. எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்குப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மேலே குடியிருக்கும் வீட்டுக்கார அன்ரிக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. படியில் நின்று, "தம்பியவை, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது எண்டு தெரியாதே?" என்றார். அமீனா என்பவர் கோர்ட்டுக் கட்டளையோடு வந்து வீட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போகிறவர். "அன்ரி, எங்களுக்கு அமீனா தபாலிலைதான் வருவார்" என்று அண்ணை சொன்னார். அன்ரி சிரிக்கவில்லை.

அண்ணை எங்களில் மூத்தவர். கடற்கரை ஊர்க்காரர். சின்ன வயதில் ஆமை இறைச்சி தின்றவர், அதை மறைப்பதுமில்லை. இரண்டு டொலர் குற்றியைவிட ஒரு பொட்டுப் பெரிசாக, பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடுமாக டப்பாவுக்குள் கிடந்ததைப் பார்த்து, "இது ஒரு வாய்க்கும் காணாது" என்றார். பிறகு அதைக் கவனித்ததெல்லாம் அவர்தான்.

எங்களுக்குள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த ஒரு ஆளும் உண்டு. அந்தப் படிப்பு இந்த நாட்டில் பயன்பட்டது இதுதான் முதல் தடவை. சிவப்புக் காது ஆமை. ட்ரக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இதற்கு வேண்டியது கிண்ணமும் பிளாஸ்ரிக் தென்னை மரமும் அல்ல. நீந்துவதற்கு ஆழமான தண்ணீர், 25 முதல் 27 பாகை சூட்டில். முழுதாய் ஏறிக் காய ஒரு மேடு, அதன் மேல் 30 பாகைக்குக் கொஞ்சம் கூடிய சூடு. தண்ணீரைச் சுத்தமாக்க பில்ரர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக வெயில்.

பேஸ்மென்றில் வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் யன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. மாரியில் அதைப் பனி மூடிவிடும். வெயில் பட்டாலும் பயனில்லை, புற ஊதாக் கதிரில் ஆமைக்கு வேண்டிய பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் விற்றமின் டி உண்டாகும். அது இல்லாவிட்டால் தின்கிற கல்சியம் ஓட்டில் சேராது, ஓடு மெதுமெதுவென்று போய்விடும். ஆகவே அதற்கென்று தனி லாம்பு வாங்கினோம். குடும்ப மருத்துவர் எங்களுக்கும் விற்றமின் டி குளிசை எழுதித் தந்திருக்கிறார். பகல் பத்து மணிக்கு உணவகத்துக்குள் போய் இரவு ஒரு மணிக்கு வெளியே வருகிறவர்களுக்கு லாம்பு கிடையாது, குளிசைதான். ஆமையின் லாம்பு ரைமரில் காலை எட்டுக்கு எரிந்து இரவு எட்டுக்கு அணையும். நேரத்துக்கு விடிகிற ஒரே மூலை அது.

லாம்பிலும் ஒரு சூதிருக்கிறது. வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் அந்தக் கதிர் தீர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது. திகதி எழுதிவைத்து மாற்றவேண்டும்.

கல்சியத்துக்கு அண்ணை ஒரு வழி சொன்னார். செல்லப்பிராணிக் கடையில் ஒரு வெள்ளைக் கட்டியை எட்டு டொலருக்கு விற்கிறார்கள். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது கணவாய் ஓடெல்லே!" என்று கடைக்குள்ளேயே கத்திவிட்டார். கரையில் ஒதுங்கிக் கிடக்கும், பொற்கொல்லர்கள் அதில் அச்சுச் செதுக்கி நகை வார்ப்பார்கள். எங்கள் ஆட்களின் மீன்கடையில் கணவாய் துப்புரவாக்கும் பெடியனிடம் கேட்டு நாலு ஓடு சும்மா வாங்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, முதுகிலிருக்கும் கெட்டித் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். ஆமை அதைக் கொறித்தது. அன்றைக்கு அண்ணையின் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை.

சாப்பாடு பெரிய வேலையில்லை. குஞ்சுக்கு நாளுக்கு ஒருமுறை, அதன் தலையளவு உருண்டைத் தீன். கொஞ்சம் இலை. பசளி கூடாது, அது கல்சியத்தைப் பிடித்துவைத்துவிடும். எதையும் தண்ணீருக்குள் வைத்துத்தான் விழுங்கும். வள்ளுவர் ஐம்புலனை அடக்குவதற்கு ஆமையை உவமை காட்டினார். எங்கள் ஆமையாரை அவர் பார்த்ததில்லை. ஆள் நிழலைக் கண்டால் போதும், கண்ணாடியில் மூக்கை இடித்து நாலு காலையும் அடித்துத் தீன் கேட்பார். பெயர் வைக்கப் போய்ச் சண்டை வந்தபடியால் ஆமையார் என்றே நின்றுவிட்டது. ஆணா பெண்ணா என்பது ஓடு பத்து சென்ரிமீற்றர் அளவு வளர்ந்த பிறகுதான் தெரியும். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளும்.

சமையலறையில் வேலை செய்கிறவர்கள் என்பதால் கிருமி விஷயத்தில் நாங்கள் கண்டிப்பு. தொட்டித் தண்ணீரைக் குசினிச் சிங்கில் ஊற்றுவதில்லை, அதற்கென்று தனி வாளி. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒருவரும் பாத்திரம் தொடுவதில்லை.

இந்த இனத்தின் கதை நல்ல கதையல்ல. அமெரிக்காவில் பண்ணைகளில் பொரிக்கவைத்துக் கோடிக்கணக்கில் உலகமெங்கும் விற்றார்கள். பிள்ளைகளுக்குச் சல்மனெல்லா வந்ததால் 1975 இல் அமெரிக்கா நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது. ஐரோப்பாவுக்குள் 1997 இல் இறக்குமதி நின்றது, 2016 இல் இனம் முழுதுமே தடைப் பட்டியலுக்குப் போயிற்று. காரணம், வாங்கியவர்கள் அது வளர வளரக் கொண்டுபோய்க் குளங்களில் விட்டதுதான். ஒன்ராறியோவுக்குச் சொந்தமான ஆமை இனங்கள் எட்டு. எட்டுமே ஆபத்தில் இருக்கின்றன. அவை வெயில் காயும் மரக்குற்றியில் இது ஏறி இருந்துகொள்ளும். 'ஆக்கிரமிக்கும் அந்நிய இனம்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தச் சொல்லை எங்களோடு சேர்த்துக் கவிதை எழுத எங்களில் ஒருவன் வெளிக்கிட்டான். மறித்துவிட்டோம். குளத்து ஆமை பாவம், அது உண்மை.

ஆகவே வெளியே விட முடியாது. வைத்திருந்தால்? இருபது வருடம் சாதாரணம், முப்பதும் போகும். பெண்ணாயிருந்தால் ஓடு 25 சென்ரிமீற்றரைத் தாண்டும், நானூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் கொள்ளும் தொட்டி வேண்டும். இதை விலங்கியல்காரன் சொன்ன இரவு ஒருவரும் கதைக்கவில்லை. எங்களில் ஒருவனுக்குத்தான் நிரந்தர வதிவிடம். ஒருவனுக்கு வேலைப் பத்திரம் அடுத்த வருடம் வரைக்கும். ஒருவனுக்கு விசாரணைத் திகதியே வரவில்லை. முப்பது வருடத்துக்கு யார் கையெழுத்து வைப்பது?

அண்ணைதான் பேச்சை மாற்றினார். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவருடைய வீட்டில் ஆட்டை அவிழ்த்துவிட்டார்களாம், நாய் கைதடி வரை பின்னால் வந்ததாம். கிணற்றுக்குள் கிடந்த ஆமையை ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் ஆமை தலையை நீட்டியதாம். "அதுக்கு நாங்கள் தேவையில்லை. இதுக்குத் தேவை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அண்ணையின் கடிதம் ஓகஸ்ற் மாதம் வந்தது. மேன்முறையீடும் சரிவரவில்லை. சட்டத்தரணி இன்னுமொரு மனுப் போட்டிருக்கிறார், பார்க்கலாம் என்கிறார். அன்ரி கீழே இறங்கி வந்து, ஆமையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஒரு சட்டி ஒடியற்கூழ் வைத்துவிட்டுப் போனார்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அப்பியாசக் கொப்பி தொங்குகிறது. தீன், தண்ணீர் மாற்றியது, ஓட்டின் நீளம் எல்லாம் அண்ணையின் கையெழுத்தில். சென்ற ஞாயிறு 5.4 சென்ரிமீற்றர். கடைசிப் பக்கத்தில் லாம்பு மாற்றவேண்டிய மாதம் பெப்ரவரி என்று எழுதி, அதற்கு நேரே இளையவனின் பெயரைப் போட்டிருக்கிறார்.