மணி தாத்தாவின் கவர்

தாம்பரத்தை அடுத்த சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் போன கிறிஸ்தவக் கோயிலில் மணி அடிப்பவரை மணி தாத்தா என்போம். சொந்தப் பெயர் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. விடியற்காலை முதல் மணி, ஆராதனைக்குப் பாய் விரிப்பது, திருவிருந்துப் பாத்திரம் துலக்குவது, வெள்ளி இரவு ஜெபக்கூட்டம் கலைந்ததும் கேட்டைப் பூட்டுவது, கல்யாணம் என்றால் நாற்காலி, சாவு என்றால் குழி வெட்ட ஆள். முப்பது வருடத்துக்கு மேல். மாதம் பிறந்ததும் பொருளாளர் ஒரு கவர் கொடுப்பார். அதற்குச் சபையில் ‘படி’ என்று பெயர். சம்பளம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூட்டு தேய்ந்து அவரால் நிற்க முடியாமல் போனபோது ஒரு ஞாயிறு விசேஷ காணிக்கை எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், ஜெபித்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் கை தட்டினேன். அடுத்த மாதம் கவர் வரவில்லை.

நான் இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கிராய்டனில் வாடகை மண்டபத்தில் கூடும் சின்னத் தமிழ்ச் சபைக்கு இப்போது நானே பொருளாளர். மண்டபத்தைத் துடைத்து, ஞாயிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு வாரம் 40 பவுண்டு கவரில் வைத்துக் கொடுத்துவந்தேன். ஒவ்வொரு முறையும், “ஊழியத்துக்குக் காசோ தம்பி?” என்று கூச்சப்பட்டுத்தான் வாங்குவார்.

2025இல் கணக்குத் தணிக்கை செய்ய வந்தவர் அந்த வரியில் விரலை வைத்தார். இவர் தொண்டரா, வேலையாளா? தொண்டர் என்றால் பஸ் காசு போன்ற உண்மையான செலவை மட்டும் கொடுக்கலாம். வாராவாரம் நிச்சயமான தொகை கொடுத்து, கட்டாயம் வரவேண்டும் என்றும் எதிர்பார்த்தால், சட்டத்தின் கண்ணில் அவர் வேலையாள். அந்த ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அக்கா வேலை செய்தது வாரம் ஆறு மணி நேரம். 73 பவுண்டு 26 பென்ஸ் கொடுத்திருக்க வேண்டும். வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, வேலையின் விவரங்களை முதல் நாளே எழுத்தில் தருவது என்று பட்டியல் நீண்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணி தாத்தாவுக்குச் செய்ததை என் கையாலேயே இன்னொருவருக்குச் செய்துகொண்டிருந்தேன். நிலுவையைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். அக்கா அழுதார்.

நம் மொழியில் ‘ஊழியம்’ என்ற ஒரே வேர் இரண்டு பக்கமும் கிளைத்திருக்கிறது. அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்றால் சம்பளமும் ஓய்வூதியமும் நினைவுக்கு வரும். ஊழியக்காரர் என்றால் அந்த நினைப்பே வராது. போதகர் விஷயத்தில் நீதிமன்றங்களே தடுமாறியிருக்கின்றன. 2013இல் பிரெஸ்டன் என்ற மெதடிஸ்ட் பெண் போதகரின் வழக்கில், அவர் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்யும் பணியாளர் அல்லர் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. மாறுபட்டு எழுதியவர் லேடி ஹேல். தரை துடைப்பவரைப் பற்றி அப்படி ஒரு குழப்பம் எந்த நீதிபதிக்கும் தேவையில்லை.

தாம்பரம் என்று ஊர் பெயரைச் சொன்னதும் இங்கே ஒரு வயதான ஆங்கிலேயப் போதகர் “1938” என்றார். அந்த டிசம்பரில்தான் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் மாநாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. கல்லூரி தாம்பரத்துக்கு வந்து அப்போது ஒரு வருடம்தான். மாநாட்டையொட்டி வந்த ஏழு தொகுதிகளில் ஒன்று திருச்சபையின் பொருளாதார அடித்தளத்தைப் பற்றியது. எந்த மண்ணில் அதைப் பேசினார்களோ அதே மண்ணில்தான் கவரும் புழங்கியது.

இந்தியச் சட்டம் தொண்டு அமைப்புகளின் வேலையாட்களை மறந்துவிடவில்லை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் முன்னின்று எழுதிய தீர்ப்பு, தொண்டு என்ற பெயரே ஒரு நிறுவனத்தைத் தொழிலாளர் சட்டத்திலிருந்து விடுவிக்காது என்றது. ஆனால் பெரும்பாலோர் நம்பிக்கையால் இலவசமாகவோ சிறு மதிப்பூதியத்துக்கோ உழைக்கும் அமைப்பில், ஓரிருவரைக் கூலிக்கு வைத்திருந்தாலும் அது ‘தொழில்’ ஆகாது என்றும் சொன்னது. மணி தாத்தா அந்த ஓரிருவர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முழுக்கவோ பெரும்பாலுமோ தொண்டில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை வரையறைக்கு வெளியிலேயே வைத்துவிட்டது. வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர் வேண்டும், பணிக்கொடைக்கு 10 பேர். பெரிய மிஷன் பள்ளியும் ஆஸ்பத்திரியும் அந்த எண்ணிக்கையைத் தொடும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் மணி அடிக்கும் செக்ஸ்டன் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர் என்று ஓடும் சபைகள் எந்தக் காலத்திலும் தொடாது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கமிட்டிச் செயலாளரிடம் இதைப் பேசினேன். இப்போது மணி அடிப்பவருக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள், பணத்தை வங்கியில் போடுங்கள், வாரம் ஒரு நாள் விடுமுறை விடுங்கள் என்றேன்.

“எழுதிக் குடுத்தா நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவாங்க தம்பி.”

“எழுதாம விட்டதாலதான் ஐயா மணி தாத்தாவால எங்கயுமே போக முடியல.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அரசாங்கத்தில் ஏதோ வாரியம் இருக்கிறதாமே என்று அவரே கேட்டார். இருக்கிறது. கிறிஸ்தவ தேவாலயங்களில் வேலை செய்யும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்திருக்கிறது. செங்கல்பட்டில் சிறுபான்மையினர் நலத்தைக் கவனிக்கும் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இத்தனை நாள் சபையில் ஒருவரும் வாரியத்தில் சேரும் படிவத்தை வாங்கி வரவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

புதன்கிழமை கோயிலின் வெஸ்ட்ரி அறையில் செயலாளர், இப்போது மணி அடிப்பவர், நான் என மூவரும் உட்கார்ந்தோம். எந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்று செயலாளர் அவரிடம் கேட்டார். மணி அடிப்பவருக்கு ஐம்பது வயது. அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பீரோவிலிருந்து பழைய ரொக்கப் புத்தகங்களை இறக்கி, தூசி தட்டிப் பின்னோக்கிப் புரட்டினோம். மணி தாத்தாவின் பெயர் கடைசியாக வந்திருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அவர் பெயர் இருந்தது.