சாவி கொடுக்கிற வாட்ச்

அப்பாவின் எச்.எம்.டி ஜனதா வாட்ச் நின்றுபோச்சு. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். "எண்ணெய் காஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல சார்" என்றவர் கண் என் மணிக்கட்டில் நின்றது. "அது என்ன? கழட்டுங்க."

சீகல் 1963. சைனா சரக்கு என்று கூச்சத்தோடுதான் சொன்னேன். திருப்பினார். பின்பக்கம் கண்ணாடி, உள்ளே நீலத் திருகுகள், ஸ்டாப்வாட்சை இயக்கும் தூண் சக்கரம். 1960களில் சீன விமானப்படைக்காக தியான்ஜின் தொழிற்சாலை உருவாக்கிய வாட்சின் மறுபதிப்பு. உள்ளே ஓடும் இயந்திரத்தின் பூர்வீகம் சுவிஸ் வீனஸ் 175. அதைச் செய்யும் கருவிகளையே சீனா விலைக்கு வாங்கிவிட்டது. இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? எச்.எம்.டி.யும் 1961இல் ஜப்பான் சிட்டிசன் கைப்பிடித்துத்தானே பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது!

இதே அமைப்பில் புது சுவிஸ் வாட்ச் என்றால் லட்சங்கள். இது தி. நகரில் ஒரு சுமாரான பட்டுப்புடவை விலை. (வீட்டில் இந்த ஒப்பீட்டைச் சொல்லவில்லை.) ஒன்று போல் இன்னொன்று அமையாது, சிலது ஓடும், சிலது படுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் பட்டனை அமுக்கினார், நிறுத்தினார், மறுபடி அமுக்கினார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.