"வே." தனியே நின்றது

அப்பப்பாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. "நீ கொம்பியூட்டர் படிச்சனி தானே" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் ஐடி வேலை என்றால் பிரிண்டர் திருத்துவதும் அதற்குள் அடக்கம்.

இரண்டு இரவு இருந்து செய்தேன். அச்சகத்திலிருந்து 200 பிரதி வந்தது. அப்பா முதல் பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு விரலை வைத்துக் காட்டினார். ஒரு வரியின் கடைசியில் "அமரர் வே." என்று இருந்தது. அப்பப்பாவின் பெயர் அடுத்த வரியில்.

"தகப்பனை அங்க விட்டுட்டு மகனை மட்டும் இங்க கொண்டு வந்திருக்கிறாய்."

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே பிறந்த எனக்கு முதலெழுத்தே கிடையாது. படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிதான். அந்த "வே." அப்பப்பாவின் தகப்பனார். ஒரு படம்கூட இல்லை. அவரைப் பற்றி என்னிடம் இருந்தது அந்த ஓர் எழுத்துதான்.

பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரி நிரம்பியதும் கணினி இடைவெளியைத் தேடி அந்த இடத்தில் மடிக்கும். நாம் தட்டும் சாதாரண இடைவெளிக்கு யூனிகோட்டில் எண் 32. பார்க்க அதே மாதிரி இன்னொன்று உண்டு, எண் 160. அது பிரியா இடைவெளி. இரண்டு பக்கமும் உள்ளதை ஒரே வரியில் பிடித்து வைத்திருக்கும். வேர்டில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள். மேக்கில் ஆப்ஷனும் ஸ்பேஸும். வேர்டில் பத்திக்குறியை அழுத்திப் பார்த்தால் 32 புள்ளியாகவும் 160 குட்டி வட்டமாகவும் தெரியும். பாரிஸில் படிக்கிற உங்களுக்கு இது புதிதாக இராது. பிரெஞ்சில் கேள்விக்குறிக்கு முன்னால் இடைவெளி விட வேண்டும், ஆனால் அந்தக் குறி தனியே அடுத்த வரிக்கு ஓடக்கூடாது.

திருத்திய கோப்பை ஒஸ்லோவில் இருக்கும் மச்சாளுக்கும் அனுப்பினேன். அவள் எக்ஸெலில் எங்கள் வம்சாவளிப் பட்டியல் செய்கிறாள். அடுத்த நாள் அழைப்பு வந்தது.

"அம்மப்பாவைக் காணேல்லையடா!"

கண்ணுக்கு முன்னாலேயே இருந்தார். ஆனால் அவளுடைய பட்டியலில் 32, என்னிடமிருந்து போனதில் 160. எக்ஸெலுக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள். ட்ரிம் போட்டும் சரிவரவில்லை. அது 32ஐ மட்டும்தான் வெட்டும். சப்ஸ்டிடியூட்டில் யூனிசார்(160)ஐக் கொடுத்து, அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றியதும் அம்மப்பா கிடைத்தார். வேலையில் இதே வில்லங்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டும் ஆட்களால் வருவது. இந்த முறை அந்த ஆள் நான். அச்சுக்குப் போவதில் 160 போடுங்கள், பட்டியலுக்குப் போவதில் வேண்டாம்.

200 பிரதியையும் எறிய மனம் வரவில்லை. வெளித்தாளை மட்டும் மறுபடி அச்சிட்டேன். அப்பாவும் நானும் குசினி மேசையில் இருந்து ஸ்டேப்பிளைக் கழற்றிக் கழற்றித் தாளை மாற்றினோம். முடியும்போது விடியப்புறம் 2 மணி.

"வே. எண்டால் என்னப்பா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"வேலுப்பிள்ளை" என்றார். "சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவர். கிட்டப் போனாலே புகையிலை மணக்கும்."